ஜெனிபின் பொடி: ஊசி வழி ஜெல்லுக்கு வாங்கலாமா?

ஊசியில் ஏற்றிச் செலுத்தும் ஹைட்ரோஜெல் (நீரைப் பிடித்து வைக்கும் கூழ்) வேலையில் இருப்பவர்கள், கூழை இறுக்கப் போடும் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளின் நச்சுத்தன்மையோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், என்றைக்காவது ஜெனிபின் பக்கம் வந்துதான் ஆகிறார்கள். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் விற்பவர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

முதலில் சரக்கு என்ன என்று பார்த்துவிடலாம். கார்டினியா என்ற செடியின் பழத்தில் ஜெனிபோசைடு என்ற பொருள் இருக்கிறது, அதிலுள்ள சர்க்கரைப் பகுதியை பீட்டா குளுக்கோசிடேஸ் நொதியால் கழற்றிவிட்டால் மிஞ்சுவதுதான் ஜெனிபின். வெள்ளைப் படிகப் பொடி, மூலக்கூறு எடை 226. கைட்டோசான், ஜெலட்டின், கொலாஜன் என்று அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு வேதித் தொகுதி) உள்ள எதையும் பிடித்து ஒன்றோடொன்று கோத்துவிடும். குளூட்டரால்டிஹைடும் அதைத்தான் செய்கிறது, ஆனால் செல்களையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. செல் சோதனைகளில் ஜெனிபினின் நச்சு அதைவிட 5,000 முதல் 10,000 மடங்கு குறைவு என்றுதான் பொதுவாக மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடக் கூடாது, அளவு கூடினால் இதுவும் செல்களைப் பதம் பார்க்கும்.

இனி குறைகள். பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் 'தாவர மூலம்' என்று போட்டிருக்கிறது. பொய்யில்லை, ஆனால் செய்து முடித்த ஜெல்லில் ஜெனிபின் இருப்பது துளியூண்டு. மீதி கைட்டோசான் என்றால் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வந்தது, ஜெலட்டின் என்றால் பன்றித் தோலோ மாட்டுத் தோலோ. முழுக்கத் தாவரம்தான் வேண்டும் என்பவர்கள் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து வருவது), நானோசெல்லுலோஸ் (தாவர நாரின் நுண்ணிழை) பக்கம் போக வேண்டும், அங்கே அமீன் இல்லாததால் ஜெனிபினுக்கு வேலையே இல்லை.

அதைவிடப் பெரிய குறை வேகம். ஊசி வழி ஜெல் என்றால் சிரிஞ்சுக்குள் ஓட வேண்டும், உடம்புக்குள் போனதும் சில நிமிடங்களில் நிற்க வேண்டும். வெறும் ஜெனிபினை நம்பினால் 37 டிகிரியிலும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் கரைசல் செலுத்திய இடத்தை விட்டு நழுவிப் போய்விடும். பிஹெச்சை (அமில-கார அளவை) ஏற்றினால் வேகம் கூடும்தான், ஆனால் ஆறைத் தாண்டியதும் கைட்டோசான் திரிந்து கட்டி கட்டியாக நின்றுவிடும். இதற்கு எனக்குப் பிடித்த வழி, கைட்டோசானோடு பீட்டா கிளிசரோபாஸ்பேட் என்ற உப்பைச் சேர்ப்பது. 2000-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த உத்தி அது, குளிரில் திரவமாக இருந்து உடல் வெப்பத்தில் தானாக இறுகும். அது முதலில் உருவத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளட்டும், ஜெனிபின் உள்ளே நிதானமாகப் பலம் கொடுக்கட்டும். இரண்டும் சேர்ந்த ஜெல்லை இடுக்கியால் தூக்கினால் கையோடு வருகிறது, கிளிசரோபாஸ்பேட் மட்டும் போட்டது அப்படி வராமல் நடுவில் பிய்ந்துவிடும்.

அப்புறம் நீலம். கலந்ததும் குப்பியில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் காற்று படும் மேற்பரப்பில் மட்டும் நீலம் பிடிக்கும், அடியில் இன்னும் மஞ்சள் கலந்த பச்சை, பிறகு நீலம் மெல்லக் கீழே இறங்கும். பிராணவாயு போய்ச் சேரும் வேகத்தில்தான் நிறமும் போகிறது. கையுறை போடாமல் தொட்டால் விரலும் நீலம்தான், தோலின் புரதத்திலும் அமீன் இருக்கிறதே, சோப்புக்கெல்லாம் அசையாது. நிறத்தைப் பார்த்தே பிணைப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம், அது ஒரு வசதி. ஆனால் நிறம் தெரியக் கூடாத இடம் என்றால், உதாரணமாகக் கண் சம்பந்தப்பட்ட வேலை என்றால், இதை யோசிக்கவே வேண்டாம்.

இதே நீலம் சோதனையிலும் காலை வாரும். எம்டிடி சோதனையை (உயிருள்ள செல்கள் உண்டாக்கும் நிறத்தை அளந்து அவற்றைக் கணக்கிடுவது) 570 நானோமீட்டர் பக்கத்தில்தான் அளக்கிறோம், ஜெல்லின் நீலமும் அதை ஒட்டியே ஒளியை உறிஞ்சுவதால், செல்லே இல்லாத ஜெல்கூட அமோகமாக உயிரோடு இருப்பதாகக் காட்டும்! போதாததற்கு இந்த ஜெல் சிவப்பில் ஒளிரும், அதனால் இறந்த செல்லைச் சிவப்பில் காட்டும் சாயங்களும் நம்பத்தக்கவை அல்ல. செல் இல்லாத ஜெல்லையும் ஒப்பீட்டுக்காக வைக்காமல் யாராவது எம்டிடி படம் போட்டிருந்தால் நான் அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிடுவேன்.

இன்னொரு விஷயம். 2025 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஜெனிபினிலிருந்து வரும் கார்டினியா நீலத்துக்கு அனுமதி கொடுத்ததை, ஜெனிபின் ஜெல்லுக்கே கிடைத்த சான்றிதழ் மாதிரிச் சிலர் காட்டுகிறார்கள். அது பானம், மிட்டாய் போன்றவற்றில் சேர்க்கும் நிறமிக்கான அனுமதி. வாய் வழியே போவதும் ஊசியில் போவதும் ஒன்றல்ல, ஊசி என்றால் நுண்ணுயிர் நீக்கம், எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) என்று கணக்கே வேறு.

பொடியின் தரத்தில் எனக்குப் புகார் இல்லை. தண்ணீரில் மெதுவாகத்தான் கரையும், சில துளி எத்தனாலில் நனைத்துவிட்டு ஊற்றினால் வேலை சுலபம், ஆனால் எத்தனால் கூடினால் செல்லுக்கு ஆகாது. கரைசலை அன்றன்றைக்குத் தேவையான அளவு மட்டும் போடுங்கள், காரப் பக்கம் போனால் ஜெனிபின் தனக்குள்ளேயே சேர ஆரம்பித்துவிடும். பொடியைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20-ல் வைத்து, திறப்பதற்கு முன் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் ஏறிவிடும்.