ஜிடிஏ 4, ஜிடிஏ 5: பல வருடம் ஆடிய பிறகு

ஜிடிஏ என்கிற கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வீடியோ கேம் வரிசையின் நான்கு, ஐந்து இரண்டையும் பல வருடங்களாக மாற்றி மாற்றி ஆடி வருகிறேன். 2008-இல் வந்த நான்கை விட 2013-இல் வந்த ஐந்து ஆடுவதற்குச் சுகமானது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மனதில் தங்கிய ஊர் எது என்றால், நியூயார்க்கை மாதிரியாக வைத்துக் கட்டிய லிபர்ட்டி சிட்டிதான்.

முதலில் கார். நான்கில் பிரேக் அடித்தால் வண்டியின் மூக்கு தாழும், வளைவில் உடம்பு முழுக்க ஒரு பக்கம் சாயும். திருப்பம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வேகமாகப் போய்ச் சுவரில் மோதினால் கதாநாயகன் நிக்கோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் விழுவான். ஐந்தில் கார் தரையை விடாமல் பிடித்துக்கொள்ளும். முதல் நாளே நூறு கிலோமீட்டர் வேகத்தில் சந்து சந்தாகப் போகலாம். பலருக்கு அதுதான் பிடிக்கிறது. எனக்கு நான்கில் ஓட்டக் கற்றுக்கொண்டதே ஒரு தனி சந்தோஷம்.

மனிதர்களும் அப்படித்தான். நான்கில் காலில் குண்டு பட்டவன் நொண்டுவான், தடுமாறுவான், கையில் கிடைத்ததைப் பிடித்து நிற்கப் பார்ப்பான். ஒவ்வொருவனும் ஒவ்வொரு மாதிரி விழுவான். உடம்பை இப்படி நிஜம் போல அசைய வைக்கும் அதே யூபோரியா தொழில்நுட்பம் ஐந்திலும் உண்டு, ஆனால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அடிபட்டவன் சட்டென்று சரிந்துவிடுகிறான்.

மிஷன் அமைப்பில் ஐந்து வெகு தூரம் முன்னே போய்விட்டது. நான்கில் நடுவில் செக்பாயிண்ட் (தோற்றால் மறுபடி தொடங்கும் இடம்) கிடையாது. ‘த்ரீ லீஃப் குளோவர்’ வங்கிக் கொள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள்: வங்கி, தெருச்சண்டை, சுரங்க ரயில் பாதை என்று நீண்டுகொண்டே போகும். கடைசியில் செத்தால் மறுபடி முதலிலிருந்து. ஐந்தில் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தொடரலாம். அதோடு கொள்ளைக்கு முன் திட்டத்தையும் ஆட்களையும் நாமே தேர்ந்தெடுக்கிறோம். நகைக்கடை வேலைக்குக் குறைந்த பங்கு கேட்கும் ஹேக்கரை வைத்தால் உள்ளே அள்ளுவதற்குக் கிடைக்கும் நேரமும் குறையும். இந்த மாதிரிக் கொள்ளைகள் இன்னும் நிறைய இருந்திருக்கலாம்.

போலீஸிடமிருந்து ஒளிவதும் ஐந்தில்தான் விறுவிறுப்பு. வரைபடத்தில் போலீஸின் பார்வை எந்தப் பக்கம் என்று தெரியும், சந்துக்குள் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கலாம். நான்கில் போலீஸ் தேடும் பகுதியை வரைபடம் வட்டமாகக் காட்டும், அதை விட்டு வெளியே ஓடுவதுதான் வேலை.

கதைக்கு வருவோம். போரைப் பார்த்துவிட்டு வந்த நிக்கோ, மாளிகையும் கார்களுமாக வாழ்வதாகச் சொன்ன உறவுக்காரன் ரோமனை நம்பிக் கப்பலேறி வருகிறான். வந்து பார்த்தால் கரப்பான்பூச்சி ஓடும் ஒரு சின்ன வீடு, தலைக்கு மேல் கடன். அங்கிருந்து கடைசி வரை நாம் அவனோடுதான் இருக்கிறோம். ரோமன் ஓயாமல் போன் செய்து பௌலிங் ஆடக் கூப்பிடுவான் என்று எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். சலிப்பாக இருந்தால் போனை ஸ்லீப் மோடில் போட்டுவிடலாம். ஆனால் அந்தப் பயணங்களில் காருக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டால்தான் ரோமன் நமக்கு ஒரு மனிதனாகத் தெரிவான். அப்புறம் அவனுக்கு ஒன்று என்றால் பதறுகிறது.

ஐந்தில் மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என்று மூன்று நாயகர்கள், மாறி மாறி ஆடலாம். ஆளை மாற்றும்போது கேமரா வானத்துக்கு ஏறி வேறொரு மூலையில் இறங்குவது இன்றும் அழகுதான். டிரெவர் எந்தக் கோலத்தில் எங்கே கிடப்பான் என்று ஆவலாக இருக்கும். ஆனாலும் ஒருவரோடு ஒட்டுவதற்குள் அடுத்தவருக்குப் போய்விடுகிறோம். ஃபிராங்க்ளினின் கதை பாதிக்கு மேல் காணாமலே போய்விடுகிறது.

நான்குக்கு 2009-இல் இரண்டு கூடுதல் கதைகள் வந்தன. மேலே சொன்ன வங்கிக் கொள்ளையின்போது உள்ளே பிணையாகக் கிடந்தவர்களில் ஒருவன்தான் ‘கே டோனி’ கதையின் நாயகன் லூயிஸ். ஐந்துக்கு அப்படிக் கதை எதுவும் வரவில்லை, உழைப்பெல்லாம் பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஜிடிஏ ஆன்லைனுக்குப் போனது. மைக்கேல் குடும்பத்துக்கு அப்புறம் என்ன ஆனது என்று பார்க்க எனக்கு இன்னும் ஆசை.

புதிதாகத் தொடங்கும் பெரியவர்களுக்கு (இரண்டுமே சிறுவர்களுக்கானவை அல்ல) நான்கை முதலில் ஆடச் சொல்வேன். ஐந்தின் காருக்குப் பழகிய பிறகு நான்கின் காரைப் பொறுப்பது கஷ்டம். கணினியில் ஆடினால் விசைப்பலகையை விடக் கன்ட்ரோலர் நல்லது. நான்கின் கடைசி மிஷனில் ஹெலிகாப்டரில் தொற்றி ஏறும் இடத்தில் பிரேம் வேகம் (திரையில் வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) அதிகமாக இருந்தால் எவ்வளவு தட்டினாலும் நிக்கோ ஏற மாட்டான். அந்த மிஷனுக்கு மட்டும் 30-க்குக் குறைத்துவிடுங்கள்.