முதல் வில்லுக்கு எந்த மரம்: தேக்கா, தடசா, மூங்கிலா?

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம் இழுபடும். நம்மைப் பார்க்கும் உட்பக்கம் நசுங்கும். முறிவு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில்தான் தொடங்கும். அங்கே நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் ஓடினால் சாதாரண மரமும் தாங்கும். பாதி வழியில் ரேகை, அதாவது நார் ஓடும் கோடு, சாய்ந்து ஓரத்தில் வெளியேறினால் எவ்வளவு உயர்ந்த மரமும் அங்கேயே விரியும். மரக்கடைக்குப் போகும் முன் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வில் மரம் என்றால் பலர் முதலில் சொல்வது யூ (yew) என்ற ஊசியிலை மரம். 1545இல் மூழ்கி 1982இல் தூக்கி எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன. அதன் வெளிர்நிற மேல்மரம் இழுப்பைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த நடுமரம் நசுக்கலைத் தாங்கும். இமயமலையிலும் ஒரு யூ இனம் உண்டு. அழிவின் விளிம்பில் இருக்கும் அதைத் தொடவே கூடாது. அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு அருமையான மரம்தான், ஆனால் ஒரே ஆண்டு வளையத்தை நுனிவரை விடாமல் பின்தொடர்ந்து செதுக்க வேண்டும். பழகாத கைக்கு அது கஷ்டம். ஹிக்கரி என்ற இன்னொரு அமெரிக்க மரம் நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஈரத்தைக் குடித்துவிடும். கடலோரக் காற்றில் வளைந்தது வளைந்தபடியே நின்றுபோகும்.

சரி, நம் ஊரில் கிடைப்பதற்கு வருவோம். நான் முதலில் எடுத்தது தேக்கு, கதவு வேலையில் மிஞ்சிய ஒரு ரீப்பர். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே ரேகை சாய்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. 20 அங்குலம் இழுத்தபோது சரியாக அந்த இடத்தில் முறிந்தது. தேக்கின் பெருமை வெயிலுக்கும் மழைக்கும் கோணாமல் நிற்பதில் இருக்கிறது. வளைந்து வளைந்து நிமிரும் குணம் வேறு.

அந்தக் குணம் தடசுக்கு நிறைய உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வளரும் மரம், கோடாரிக் காம்புக்குப் பேர்போனது. அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும். நேர் ரேகையுள்ள காய்ந்த கட்டை கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அறுக்காமல் பிளந்து எடுங்கள். பிளவு தானாகவே நாரைப் பின்பற்றும். ஒரே சிக்கல், அப்படி ஒரு கட்டை கிடைப்பது அரிது.

அதனால் முதல் வில்லுக்கு என் தேர்வு கல் மூங்கில். தோலை ஒட்டித்தான் நார் மிக நெருக்கமாக இருக்கும், அதுவும் நீளவாக்கில் அறுபடாமல். ஓசேஜில் நாள்கணக்காகச் செதுக்கிப் பெற வேண்டிய வெளிப்பக்கம் இதில் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. தோலைச் சீவாதீர்கள், அந்தப் பக்கக் கணுவையும் தட்டையாக்காதீர்கள். வேலை முழுக்க உட்பக்கத்தில்தான்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட, சுவர் தடித்த கழியாகப் பார்த்து நிழலில் காயப்போடுங்கள். பச்சையாகச் செய்தால் வளைவு தங்கிவிடும். உளுப்பூச்சியையும் கவனிக்க வேண்டும். மூங்கிலின் உட்பக்கம் மென்மையானது, நசுக்கலுக்கு எளிதில் இடம்கொடுக்கும். அதற்கு ஈடாக வில்லை நீளமாக, ஏறக்குறைய ஆறடிக்கு வையுங்கள். இழுவிசை, அதாவது நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை, 25 முதல் 30 பவுண்டு போதும். உட்பக்கத்தை மட்டும் தணலில் பொறுமையாக வாட்டினால் இன்னும் இறுகும்.

அப்புறம், சீவும்போது அவசரம் வேண்டாம். வில்லின் விறைப்பு தடிமனின் கனத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும். தடிமனில் பத்தில் ஒரு பங்கை எடுத்தாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். நாலு சீவல், ஒரு முறை வளைத்துப் பார்ப்பது என்று போங்கள். வெளிப்பக்கத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் அத்துடன் இழுப்பதை நிறுத்திவிட்டு அடுத்த கழியை எடுங்கள்.