வாஃப் (வெப்சைட்டுக்கு வர்ற அட்டாக்கத் தடுக்குற ஃபயர்வால்) போட்டுத் தரேன்னு காசு வாங்கிட்டு ஏமாத்துறாங்க, ஜாக்கிரதை

ஒரே வி.பி.எஸ்-ல (வாடகை சர்வர்) பத்துப் பதினஞ்சு கஸ்டமர் சைட் ஓட்டுறவங்க தயவுசெஞ்சு இத முழுசாப் படிங்க. சர்வர் செக்யூரிட்டி பண்ணித் தரேன்னு ஒருத்தர் எங்கிட்ட 18,000 ரூபா வாங்கினார். மாட்செக்யூரிட்டிங்கிற வாஃப் சாஃப்ட்வேரும், எதெது அட்டாக்னு அதுக்குச் சொல்ற ஓவாஸ்ப் ரூல்செட்டும் போட்டுடுவேன், இனி எந்த அட்டாக்கும் உள்ள வராதுன்னார். ரெண்டுமே இலவசம்தான்னு எனக்கும் தெரியும், உழைப்புக்குத்தானேன்னு மனசாரக் குடுத்தேன். வேலை முடிஞ்சதுன்னு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, மாட்யூல் லோட் ஆயிருந்துச்சு, லாக்லயும் (பதிவு ஃபைல்) வரி வரியா விழுந்துட்டே இருந்துச்சு, நானும் நம்பிட்டேன்.

மூணாவது வாரம் ஒரு ஜவுளிக்கடை சைட்டத் தொறந்தா சூதாட்ட சைட்டுக்குப் போகுது. தீபாவளி சீசன் வேற. "தம்பி, உங்கள நம்பித்தான குடுத்தேன்"னு கடைக்காரர் கேட்டப்ப என்னால பதில் சொல்ல முடியல.

ராத்திரி ஆடிட் லாக்க எடுத்துப் பாத்தேன். அட்டாக் அத்தனையும் பதிவாகியிருக்கு, எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன்னு (சைட் வழியா டேட்டாபேஸுக்குக் கள்ளக் கட்டளை அனுப்புற அட்டாக்) 942100 ரூல் கரெக்டாப் புடிச்சிருக்கு, அட்டாக் ஸ்கோர் வரம்பத் தாண்டிருச்சுன்னு 949110 ரூலும் சொல்லுது, ஆனா எல்லாம் 'வார்னிங்'னுதான் ஆரம்பிக்குது, 'ஆக்சஸ் டினைட் வித் கோட் 403'னு அதாவது உள்ள விடாமத் தடுத்தாச்சுன்னு, ஒரு வரிகூட இல்ல! கான்ஃபிக் ஃபைல்ல செக்ரூல்இன்ஜின்ங்கிற செட்டிங் பக்கத்துல பாத்தா டிடெக்‌ஷன்ஒன்லி, அதாவது கண்டுபிடிச்சு எழுதி மட்டும் வைக்கும், தடுக்காது. கூடவே வர்ற சாம்பிள் ஃபைலுக்குப் பேர மாத்தி வச்சதோட சரி, உள்ள கையே வைக்கல.

முதல்ல கொஞ்ச நாள் அப்படி வச்சு லாக் பாக்குறது சரியான முறைதான், அத நான் தப்பு சொல்லல. அப்பறம் ஆன் பண்ணணும்ல? ஆன் பண்ணா நல்ல ரிக்வெஸ்ட்டும் அடிவாங்கும், நான் மாத்தினப்ப வேர்ட்பிரஸ்ல போஸ்ட் சேவ் பண்ணாலே 403 வந்துச்சு, எந்த ரூல்னு பாத்துப் பாத்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் விலக்கு குடுக்க ரெண்டு நாள் ஆயிருச்சு. காசே அந்த ரெண்டு நாள் வேலைக்குத்தாங்க. அதுக்குச் சோம்பேறித்தனப்பட்டு ரூலையே மொத்தமாத் தூக்குறவங்களும் இருக்காங்க, அதையும் பாத்துக்கோங்க.

பாக்கி செட்டில் பண்றதுக்கு முன்னாடி உங்க சைட் அட்ரஸ் கடைசில ஒரு எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் வரியச் சேத்து அவங்க எதிர்லயே தொறந்து பாருங்க. 403 வரணும். பக்கம் எப்பவும்போலத் தொறந்தா வேலை முடியலன்னு அர்த்தம். பழைய ப்ளக்இன்னையும் உடனே அப்டேட் பண்ணுங்க, ஓட்டை அங்கதான் இருந்துச்சு.

அவர்கிட்டக் கேட்டதுக்கு "இன்ஸ்டால் பண்ணித் தரேன்னுதான சொன்னேன், பிளாக் பண்றதுக்குத் தனி சார்ஜ்"ங்கிறார். காசு இன்னும் திரும்பி வரல.