கரிபு மானைச் சொல்லித்தர: வீடியோவா, தட்டு விளையாட்டா?

நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு, வடக்கே குளிர்ப் பகுதிகளில் வாழும் மானான கரிபுவைப் பற்றிச் சொல்ல வீடியோ காட்டலாமா, ஒரு தட்டில் துந்திரா நிலத்தை (மரம் வளராத குளிர்ச் சமவெளி) செய்து விளையாட விடலாமா?

செலவு
வீடியோ: கைபேசி போதும்.
தட்டு: பனியாக அரிசி மாவு, கரிபுவின் தீனியாகப் பாசி, பொம்மை மான்.

சிரமம்
வீடியோ: ஐந்து நிமிட வேலை.
தட்டு: அப்புறம் தரையைத் துடைக்க வேண்டும்.

மனதில் நிற்பது
வீடியோ: அலாஸ்காவுக்கும் கனடாவின் யூக்கானுக்கும் இடையே கூட்டங்கூட்டமாக நடக்கும் 'போர்க்குபைன்' என்ற கரிபு மந்தையைத் திரையில்தான் காட்ட முடியும். நடக்கும்போது கால்களில் எழும் 'கிளிக்' சத்தமும் அப்படித்தான்.
தட்டு: கரிபு பனியைக் குளம்பால் தோண்டி, அடியிலுள்ள லைக்கனை (பாசி போலத் தரையில் படர்வது) தின்னும். மாவைக் கிளறிப் பாசியைக் கண்டெடுத்த குழந்தை இதை லேசில் மறக்காது. அகன்ற குளம்பு ஏன் பனியில் புதைவதில்லை? ஒரு குச்சியையும் கரண்டியின் அடிப்பக்கத்தையும் மாவில் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவே கண்டுபிடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

வகுப்பில் இருபது பேர் என்றால் வீடியோ சரி. வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றால் தட்டையே எடுங்கள். பெண் கரிபுவுக்கும் கொம்பு உண்டு என்பதை மட்டும் எந்த வழியிலும் விட்டுவிடாதீர்கள்.