ஆறு பெட்டிக்கு இடம் இருந்தும் நாலு பெட்டியோட கோவில்பட்டி போயிட்டு வந்தோம்

நியூஜெர்சில இருந்து நானும் ரெண்டு பிள்ளைங்களும் அஞ்சு வாரம் கோவில்பட்டி போயிட்டு இப்பதான் திரும்பினோம். ஊருக்குக் கிளம்புறவங்களுக்கு உதவும்னு பெட்டி கட்டின விஷயத்தை எழுதுறேன், ஏன்னா போன தடவை அதுலதான் ரொம்ப கஷ்டப்பட்டேன். டிக்கெட்ல ஆளுக்கு ரெண்டு பெட்டி, ஒவ்வொண்ணும் 23 கிலோ. அதை நம்பி ஆறு பெட்டியையும் நிரப்பிட்டுப் போனா, சென்னையில இருந்து தூத்துக்குடிக்கு தனியா போட்டிருந்த உள்நாட்டு ஃப்ளைட்ல ஆளுக்கு 15 கிலோதான்னு சொல்லிட்டாங்க. தூங்காத பிள்ளைங்களை பக்கத்துல உட்கார வச்சுட்டு ஏர்போர்ட் நடு ஹால்ல பெட்டியைத் திறந்து துணியை இங்கயும் அங்கயும் மாத்தி, அப்பவும் முடியாம கடைசியில கிலோவுக்கு இவ்ளோன்னு பணம் கட்டினேன். தூத்துக்குடி வரைக்கும் ஒரே டிக்கெட்டா போட்டிருந்தா பொதுவா அந்த வெளிநாட்டு அளவே செல்லும், அது எனக்கு அப்ப தெரியல.

அதனால இந்த தடவை எழும்பூர்ல இருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். மூணாம் வகுப்பு ஏசில ஆளுக்கு 40 கிலோ வரைக்கும் கொண்டு போகலாம், எடைப் பிரச்சினை இல்ல. ஆனா கோவில்பட்டில வண்டி ரொம்ப நேரம் நிக்காது, ரெண்டு பிள்ளைங்களோட ஆறு பெட்டியை இறக்க என்னால ஆகாது. நாலுதான்னு முடிவு பண்ணி, பெரிய பெட்டி ரெண்டு, 24 இஞ்ச் பெட்டி ரெண்டுன்னு எடுத்தேன். சின்னது பெர்த்துக்கு அடியில அழகா போயிடுது. எழும்பூர்ல போர்ட்டர் அண்ணன் கூலியை முன்னாடியே பேசிக்கிட்டு எங்க கோச் வரைக்கும் வந்து, எல்லாத்தையும் சீட்டுக்கு அடியில தள்ளி, "சாத்தூர் தாண்டினதும் வாசல் பக்கம் கொண்டாந்துருங்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போனார். அப்படியே செஞ்சோம், விடியக்காலைல பதட்டமில்லாம இறங்கினோம்.

போகும்போது வீட்லயே தொங்கவிடுற தராசுல எடை பார்த்துட்டேன். எங்க பழைய பெரிய பெட்டி காலியாவே அஞ்சு கிலோ, அதுல என்னத்தை வைக்கிறது, அதை விட்டுட்டு லேசான துணிப்பெட்டி வாங்கினது நல்லதாப் போச்சு. முதல் ரெண்டு நாளைக்கு வேண்டிய துணி, மருந்து, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில. பவர் பேங்கை செக்கின்ல போடவே கூடாது.

ஊர்ல இறங்கும்போதே ஒரு பெட்டியோட ஜிப் பிளந்து கிடந்துச்சு. புதுசு வாங்கணுமோன்னு கவலைப்பட்டேன், சித்தப்பா மெயின் ரோட்டுல பை, குடை ரிப்பேர் பண்ற அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போனார். அவர் துணியைத் தொடவே இல்ல, ஜிப்பை இழுத்து மூடுற ரெண்டு ரன்னரை மட்டும் மாத்தி, ஜிப் பல்லு மேல மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு, பத்து தடவை இழுத்துக் காட்டிட்டுக் குடுத்தார். 80 ரூபா. இந்த ஊருல நான் பாத்ததுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான். தெருமுனைல இஸ்திரி போடுற அக்காவும் அப்படித்தான், பெட்டியோட அகலத்தைக் காட்டினேன், அதே அளவுக்கு எல்லாத் துணியையும் மடிச்சே குடுத்தாங்க. சும்மா சுருட்டி வச்சதை விட கால்வாசி இடம் மிச்சம்.

திரும்பி வரும்போதுதான் அம்மாகூட கொஞ்சம் பேச வேண்டி வந்துச்சு. அம்மா சீரகச் சம்பா, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, ஒரு பை கறிவேப்பிலைன்னு எடுத்து வச்சிருந்தாங்க. தானியத்தை அரிக்கிற கப்ரா வண்டு வந்துரும்னு நம்ம நாட்டு அரிசியையும் இந்த ரெண்டு பயறையும் பயணிகள் கொண்டு வர அமெரிக்கால விடுறதில்ல, பச்சைக் கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்புற பூச்சியைக் கொண்டு வரும்னு அதுக்கும் தடை. அம்மா முகம் வாடினது எனக்குத் தாங்கல. அப்புறம் ரெண்டு பேரும் மில்லுக்குப் போய் மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைச்சோம். சூடா இருக்கும்போது கட்டக்கூடாதுன்னு மில்லுக்காரர் சொன்னார், வீட்ல நியூஸ் பேப்பர்ல பரப்பி நல்லா ஆற வச்சு, ரெட்டைக் கவர்ல போட்டு, பழைய வேட்டித் துணில சுத்தி பெட்டி நடுவுல வச்சோம். பொடி வகையை கைப்பையில வைக்காதீங்க, செக்கிங்ல நிறுத்துவாங்க. முழு கொப்பரைத் தேங்காயை செக்கின் பெட்டியிலயும் விட மாட்டாங்க, எண்ணெய் இருக்கிறதால தீப்பிடிக்கும்னு.

மிச்ச எடைக்கு கடலை மிட்டாய். 2020ல புவிசார் குறியீடு வாங்கின எங்க ஊரு மிட்டாய், சீக்கிரம் கெட்டுப் போகாது. கடையில வெளிநாட்டுக்குன்னு சொன்னதும் காத்துப் புகாத கவர்ல ஒட்டி, அட்டைப்பெட்டில அடுக்கிக் குடுத்தாங்க. கனம்தான், அதனால பெட்டியோட சக்கரம் இருக்கிற பக்கம் அடியில வச்சேன், இழுக்கும்போது சாயாம வந்துச்சு. சாத்தூர் காராச்சேவை மேலாப்ல, துணிக்கு நடுவுல. கொஞ்சம் நொறுங்கத்தான் செஞ்சுது.

நெவார்க் ஏர்போர்ட்ல இறங்கினதும் சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு நானே சொல்லிட்டேன். மறைச்சாதான் அபராதம், சொன்னா ஆகாததை எடுத்துக்கிட்டு விட்டுருவாங்க. அங்க இருந்த ஆபீசர் என்னென்னன்னு கேட்டார், வரிசையா சொன்னேன், போகச் சொல்லிட்டார். வீட்டுக்கு வந்து அந்த ரிப்பேர் பண்ணின பெட்டியைத்தான் முதல்ல திறந்தேன், ஜிப் எங்கயும் நிக்காம ஓடுச்சு, உள்ள அம்மா அரைச்ச மல்லித்தூள் ஒரு பொட்டு சிந்தல.