ஒரே கணினி, பல பாவனையாளர்கள்: டெபியன் 12இன் ஒலி நிர்வாகம் பற்றிய மதிப்பீடு

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்து வாசிகசாலையின் பொதுக் கணினியைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இணையவழி வகுப்புகளுக்காகவும், மத்திய கிழக்கிலோ கொழும்பிலோ வேலை செய்யும் தம் பிள்ளைகளோடு கதைப்பதற்காகத் தாய்மாரும் அதே ஒலிவாங்கியையும் அதே ஒரு சோடி ஒலிபெருக்கியையும் மாறிமாறிப் பாவிக்கின்றனர். ஆகவே, இத்தகைய கணினிக்கான இயங்குதளத்தை மதிப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டு விடயங்களை: ஒருவர் எழுந்து மற்றவர் அமர்ந்ததும் ஒலி அவரிடம் முழுமையாக வந்து சேர்கிறதா, முன்னவர் திறந்துவைத்த செயலி அதன் பிறகும் அறையில் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா. இந்த மதிப்பீடு க்னோம் திரைச்சூழலுடன் நிறுவப்பட்ட டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பற்றியது. இதில் ஒலியைத் தவிர வேறெதையும் நான் பேசப்போவதில்லை.

2023 ஜூன் மாதத்தில் வெளியான டெபியன் 12, க்னோம் சூழலில் பல்ஸ்ஓடியோவுக்குப் பதிலாக பைப்வயரை இயல்பான ஒலிச் சேவையாக ஏற்றுக்கொண்டது. அதனுடன் வரும் பதிப்பு 0.3.65, எந்தக் கருவியை எந்தச் செயலியுடன் இணைப்பது என்பதை வயர்பிளம்பர் என்ற துணைச் சேவை தீர்மானிக்கிறது. பைப்வயர் கணினி முழுவதற்குமான ஒரே சேவையாக இயங்குவதில்லை. உள்நுழையும் ஒவ்வொரு பாவனையாளருக்கும் தனித்தனியாக ஒன்று தொடங்குகிறது. ஒலி அட்டையோ ஒன்றுதான். எனவே, இத்தனை சேவைகளில் எது அட்டையைத் திறக்கலாம் என்பதை வேறு யாராவது தீர்த்துவைக்க வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது, உள்நுழைவுகளைக் கவனித்துக்கொள்ளும் லொகின்டி என்ற சேவையாகும்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் ஒலிக் கருவிகளின் கோப்புறையைப் பட்டியலிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு கோப்பும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கும் ஓடியோ என்ற குழுவுக்கும் உரியதாகக் காட்டப்படும். அனுமதி எழுத்துகளின் இறுதியில் ஒரு கூட்டல் குறியும் இருக்கும். அந்தச் சிறிய கூட்டல் குறிதான் இங்கு முக்கியமானது. அதன் உள்ளடக்கத்தை கெட்எஃப்ஏசிஎல் என்ற கட்டளையால் விரித்துப் பார்த்தால், அந்த நேரத்தில் திரைக்கு முன்னால் இருப்பவரின் பெயர், வாசிக்கவும் எழுதவும் அனுமதியுடன் அங்கே பதிவாகியிருப்பதைக் காணலாம். வெளியேறாமலே பாவனையாளரை மாற்றி, அடுத்தவரின் கணக்கிலிருந்து அதே கட்டளையைக் கொடுத்தால் முந்திய பெயர் மறைந்து புதிய பெயர் வந்திருக்கும். அனுமதி போனதைக் கவனித்ததும், பின்னணிக்குச் சென்றவரின் பைப்வயர் அட்டையைக் கைவிடுகிறது; முன்னுக்கு வந்தவரின் பைப்வயர் அதை எடுத்துக்கொள்கிறது. ஒலிவாங்கியும் இதே வழியில்தான் கைமாறுகிறது. மகளிடம் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும் ஒரு தாய், முன்பு அமர்ந்திருந்த பிள்ளையின் வகுப்பு இன்னும் பின்னணியில் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பது, என்னைப் பொறுத்தவரை, இந்த இயங்குதளத்தின் மிகப் பெரிய சிறப்பு.

ஆனால் இந்த ஒழுங்கை டெபியனின் நிறுவியே தொடக்கத்தில் குலைத்துவிடுகிறது. நிறுவும்போது உருவாக்கப்படும் முதலாவது கணக்கை அது ஓடியோ குழுவில் சேர்க்கிறது. பின்னர் அமைப்புகள் பகுதியில் உருவாக்கும் கணக்குகள் அதில் சேர்வதில்லை. குழுவில் இருப்பவருக்குக் கூட்டல் குறியின் தயவு தேவையில்லை. அவர் திரைக்கு முன்னால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவியைத் திறக்கலாம். முதலாவது கணக்கில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது பாவனையாளரை மாற்றினால் பாட்டு நிற்பதில்லை. புதிதாக வந்தவரின் பைப்வயரோ அட்டை வேலையில் இருப்பதாகக் கண்டு திறக்க முடியாமல் நிற்கிறது. அவருடைய ஒலி அமைப்புகளில் டம்மி அவுட்புட் என்ற ஒரே ஒரு வரிதான் தெரியும். அந்த வரி எதையும் விளக்குவதில்லை. அட்டை பழுதா, கம்பி கழன்றதா, வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறாரா என்பதைச் சாதாரணப் பாவனையாளர் ஒருவர் அதைப் பார்த்து அறிய வழியே இல்லை. இது கட்டாயம் திருத்தப்பட வேண்டிய குறை.

ஒலி வரவில்லை என்று யாராவது கேட்டால், கணக்கை ஓடியோ குழுவில் சேர்த்துவிடும்படி ஆலோசனை சொல்லும் வழக்கம் இன்றும் பரவலாக இருக்கிறது. தனியொருவர் பாவிக்கும் கணினியில் அதனால் பெரிய கேடு வராது. பொதுக் கணினியில் இதைச் செய்யவே கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். எல்லோரையும் குழுவில் சேர்த்தால், யார் முதலில் அட்டையைத் திறந்தாரோ அவரிடமே அது தங்கிவிடும். அதைவிடப் பாரதூரமானது ஒலிவாங்கி: குழுவில் இருக்கும் ஒருவர், தொலைவிலிருந்து உள்நுழைய அனுமதி பெற்றிருந்தால், அறைக்குள் காலடி வைக்காமலே அங்கு பேசப்படுவதைப் பதிவுசெய்யலாம். திருத்தம் எளியது. ஜிபாஸ்வட் கட்டளையால் எல்லாக் கணக்குகளையும், முதலாவது கணக்கு உட்பட, அந்தக் குழுவிலிருந்து நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும். அவ்வாறு நீக்கினால் ஒலி விட்டுவிட்டு வரும் என்று அஞ்சத் தேவையில்லை. பைப்வயர் தனக்கு வேண்டிய முன்னுரிமையை ஆர்டிகிட் என்ற சேவையிடமிருந்து பெறுகிறது. க்னோமின் பாவனையாளர் பக்கத்தில் குழுக்கள் காட்டப்படுவதே இல்லை என்பதால், இதை முனையத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. கணினியைப் பராமரிக்க முன்வரும் ஓர் ஆசிரியருக்கோ இளைஞருக்கோ இது வீண் தடை.

கணக்குகளைக் குழுவிலிருந்து நீக்கிய பிறகும் அறிந்திருக்க வேண்டிய சில எல்லைகள் உள்ளன. லொகின்டி அனுமதியைத் திரும்பப் பெறும்போது, ஏற்கெனவே திறக்கப்பட்ட ஒலிக் கோப்பை அது பலவந்தமாக மூடுவதில்லை. பைப்வயர் தானாக விலகுவதால்தான் மாற்றம் நடக்கிறது. பைப்வயரைத் தவிர்த்து, லினக்ஸின் அடிப்படை ஒலி அடுக்கான அல்சா வழியாக நேரடியாக அட்டையைத் திறந்த ஒரு செயலி விலகாமல் இருந்துகொள்ளலாம். இணைய உலாவியையும் வழமையான செயலிகளையும் மட்டும் பாவிக்கும் இடத்தில் இது நடைமுறைச் சிக்கலாக வருவதில்லை. இன்னொன்று, பின்னணிக்குச் சென்ற செயலிகள் ஒலியை இழந்தாலும் இடைநிறுத்தப்படுவதில்லை. பதிவுசெய்யப்பட்ட பாடமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை ஐந்து நிமிடம் இடம் விட்டுக்கொடுத்துத் திரும்பினால், பாடம் ஓசையின்றி ஐந்து நிமிடம் முன்னே போயிருக்கும். எழுந்திருக்கும் முன் பாடத்தை நிறுத்திவைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதே இதற்கு வழி.

ஒலியளவும் விருப்பக் கருவியும் ஒவ்வொரு கணக்கிலும் தனியே நினைவில் வைக்கப்படுகின்றன. யூஎஸ்பி ஹெட்செட்டைத் தெரிவுசெய்த ஒருவரின் தெரிவு மற்றவரைப் பாதிப்பதில்லை. இது நன்றாகவே வேலை செய்கிறது. அட்டைக்கே உரிய சில அமைப்புகள் மட்டும் பொதுவானவை. பழைய ரியல்டெக் அட்டைகளில், முன்பக்கத் துளையில் ஹெட்போனைச் செருகியதும் ஒலிபெருக்கியை அடக்கும் ஓட்டோமியூட் என்ற தெரிவை, அட்டையின் அமைப்புகளை மாற்ற உதவும் அல்சாமிக்சர் என்ற செயலியில் ஒருவர் மாற்றினால் அது எல்லோருக்கும் மாறிவிடும். அட்டையின் நிலை, கணினி முறையாக நிறுத்தப்படும்போதுதான் வட்டில் எழுதப்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் திடீரென்று துண்டிக்கப்படும் எங்கள் பக்கத்தில், அன்று செய்த திருத்தம் மின்சாரம் திரும்பியதும் காணாமற்போகலாம். ஆகவே, அத்தகைய மாற்றத்தைச் செய்தவுடன் அல்சாசிடிஎல் கட்டளையால் நிலையைச் சேமித்துவிட வேண்டும்.

புளூடூத் ஹெட்செட்டுகளையும் வயர்பிளம்பர் திரைக்கு முன்னால் இருப்பவருக்கே கொடுக்கிறது. இருந்தாலும், பொதுக் கணினிக்குக் கம்பியுள்ள ஹெட்செட்டே ஏற்றது என்பது என் எண்ணம். இணைப்பதும் பிரிப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் வேலை செய்வதற்கு லொகின்டியில் இருக்கை என்றொரு ஏற்பாடு உண்டு. இரண்டாவது திரை, விசைப்பலகை, யூஎஸ்பி ஒலி அட்டை ஆகியவற்றை லொகின்சிடிஎல் கட்டளையால் இரண்டாவது இருக்கைக்கு ஒதுக்கிவிட்டால், அந்த அட்டை அங்கே அமர்பவருக்கு மட்டுமே திறக்கும். இதற்கு இரண்டாவது வரைகலை அட்டையும் வேண்டும். பழைய அலுவலகக் கணினிகளை நன்கொடையாகப் பெறும் வாசிகசாலைகளுக்கு அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதே பணத்தில் நல்ல ஒலிவாங்கியுடன் கூடிய ஒரு ஹெட்செட் வாங்குவது கூடுதல் பயன் தரும்.

ஒருவர் பின் ஒருவராகப் பாவிக்கும் கணினிக்கு டெபியன் 12ஐத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நிறுவிய அன்றே ஓடியோ குழுவை வெறுமையாக்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை. 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13க்கு மேம்படுத்துவோர், மேம்படுத்தல் குழு உறுப்புரிமைகளை மாற்றாமல் அப்படியே கொண்டுசெல்லும் என்பதால், முன்பு யாராவது அதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று கெட்என்ட் கட்டளையால் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.