கொழுப்பு மாத்திரையும் தொடை வலியும்: என் அனுபவம்

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் தசை வலி வருமா என்று கேட்கிறார்கள். சிலருக்கு வரும். எனக்கு வந்தது. ஆனாலும் நான் மாத்திரையைக் கைவிடவில்லை.

2017 முதல் சாப்பிடுகிறேன். சர்க்கரை நோய் உண்டு. அப்பாவும் ஐம்பதைத் தாண்டிய கையோடு மாரடைப்பில் போய்விட்டார். அதனால் சிங்கப்பூரில் எங்கள் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 4.4 மில்லிமோல் என்று தெரிந்து, மருத்துவர் ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மருந்து வகையைச் சேர்ந்த அடோர்வாஸ்டாட்டின் எழுதித் தந்தபோது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். 20 மில்லிகிராமில் ஒரு தொந்தரவும் இல்லை. கொழுப்பு போதிய அளவு இறங்கவில்லை என்று 40 ஆக்கிய சில வாரங்களில் வலி ஆரம்பித்தது.

நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். பாதி நேரம் பிள்ளைகளோடு பாயில்தான் உட்கார்ந்திருப்பேன். கதை முடிந்து எழும்போது இரண்டு தொடைகளும், முந்தைய நாள் புக்கிட் தீமா மலை ஏறி இறங்கியதுபோல் கனத்து வலிக்கும். புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. முட்டியை அழுத்திப் பார்த்தால் ஒன்றுமில்லை. வலி அதற்கு மேலே, சதையில். வலம் இடம் இரண்டிலும் ஒரே மாதிரி. இதைக் கவனிப்பது முக்கியம். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் தொடை, இடுப்பு, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில் இருபுறமும் தெரியும். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் தலைகாட்டும். ஒரு பக்கம் மட்டும் சுரீரென்று இழுத்தால் முதலில் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் சிகே என்ற நொதியைப் பார்த்தார்கள், இயல்பாக இருந்தது. தைராய்டும் சரி. தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும் என்பதால் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கவே சொல்வேன். பிறகு சில வாரங்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். வலி தணிந்தது.

அந்த இடைவெளியில் அறிவுரைகள் குவிந்தன. "மாத்திரையை விட்டுவிடு தங்கச்சி, சிவப்பு ஈஸ்ட் அரிசி சாப்பிடு, இயற்கையானது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அதில் இருக்கும் மொனகோலின் கே, 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டாட்டினான லோவாஸ்டாட்டினேதான். அதே மருந்தை, அளவு தெரியாமல் விழுங்குவதில் என்ன பாதுகாப்பு?

வேறு சிலர் எல்லாம் மனப்பிரமை என்றார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. 2020இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பக்கவிளைவுக்காக ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் நிஜ மாத்திரையும் சில மாதங்கள் மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். சில மாதங்கள் எதுவும் தரவில்லை. நிஜ மாத்திரையில் சொன்ன உபாதையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. உண்மைதான். ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி வலிதான். யாருடைய வலி மருந்தால் வருகிறது என்பதை நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதைச் செய்ய மருத்துவர் வேண்டும். நாமாக நிறுத்திவிட்டு மறந்துபோவது வேறு விஷயம்.

எனக்கு அடுத்து வந்தது ரோசுவாஸ்டாட்டின், வெறும் 5 மில்லிகிராம். ஆசியர்களின் ரத்தத்தில் இந்த மருந்து வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு சேர்வதால் குறைந்த அளவில் தொடங்குவது வழக்கம் என்று மருந்தாளர் விளக்கினார். கூடவே, குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மில்லிகிராம். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கெட்ட கொழுப்பு கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். எசெட்டிமைப் அதைவிட நன்றாகவே இறக்குகிறது. இப்போது என் அளவு 1.9. பாயிலிருந்து கையூன்றாமல் எழுகிறேன்.

இன்னொன்று. சிங்கப்பூரில் கொழுப்புக்கு ஓரிடம், சளி இருமலுக்கு வீட்டருகே இன்னொரு கிளினிக் என்று போகிறவர்கள் உண்டு. அங்கே கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் தந்தால், சிம்வாஸ்டாட்டினோ அடோர்வாஸ்டாட்டினோ சாப்பிடுவதைக் கட்டாயம் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் ஸ்டாட்டின் ரத்தத்தில் தேங்கித் தசையைப் பதம்பார்க்கும். கடும் வலியோடு கைகால் தளர்ந்து, சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போனால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.